காலைல பிரிண்டர் ஆஃப்லைன், மத்தியானம் டேலி வரல: கடை நெட்வொர்க்ல ஐபி நம்பர் எப்படி வேலை செய்யுது

நேத்து ராத்திரி கடைய மூடுற வரைக்கும் பில் அடிச்சிட்டு இருந்த பிரிண்டர் காலைல சிஸ்டத்த ஆன் பண்ணதும் ஆஃப்லைன்னு காட்டும். யாரும் எதையும் தொடல, கேபிள் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கு, நெட் நல்லா வருது, வாட்ஸ்அப் வெப் கூட ஓபன் ஆகுது, ஆனா பிரிண்ட் மட்டும் போகாது. இன்னொரு நாள் மாடில இருக்கிற சிஸ்டத்துல கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர்ல கம்பெனி ஓபன் ஆகாது, டேட்டா இருக்கிற ஃபோல்டர் கிடைக்கலைன்னு சொல்லும். அடுத்த வாரம் அட்டெண்டன்ஸ் மெஷின்ல இருந்து பஞ்ச் டேட்டா ஆபீஸ் சிஸ்டத்துக்கு வராது. மூணும் மூணு தனித்தனி கம்ப்ளைன்ட்னு நெனச்சு பிரிண்டர்காரர ஒரு தடவ, டேலிகாரர ஒரு தடவ, மெஷின் வித்தவர ஒரு தடவன்னு கூப்பிட்டு மூணு சர்வீஸ் சார்ஜ் குடுக்கிறாங்க. கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் அஞ்சு பத்து சிஸ்டம் வச்சு தொழில் பண்ற ஜவுளிக்கடை, மண்டி, கிரானைட் ஆபீஸ்னு நான் பாக்குற எடத்துல எல்லாம் இந்த மூணுக்கும் பின்னாடி அடிக்கடி இருக்கிறது ஒரே காரணம் தான், ஏதோ ஒண்ணோட ஐபி நம்பர் மாறியிருக்கும், இல்லன்னா ஒரே நம்பர ரெண்டு பேர் வச்சிருப்பாங்க.

பிரிண்டர் கேஸ்ல இது ஏன் கண்டுபிடிக்க முடியாம போகுதுன்னா, டிரைவர அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டா சரியாயிடுது. அதனால எல்லாரும் டிரைவர் தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க. நிஜத்துல என்ன நடக்குதுன்னா டிரைவர் திரும்ப போடுறப்போ விண்டோஸ் நெட்வொர்க்ல பிரிண்டர புதுசா தேடுது, அது இப்போ எந்த நம்பர்ல இருக்கோ அந்த நம்பர எழுதி வச்சுக்குது, பிரிண்ட் வருது. நாலு நாள் கழிச்சு நம்பர் மறுபடி மாறுது, மறுபடி ஆஃப்லைன். உங்க பில்லிங் சிஸ்டத்துல பிரிண்டர் லிஸ்ட்ட ஓபன் பண்ணி பாருங்க, ஒரே பிரிண்டர் பேர் அப்படியே, பக்கத்துல காப்பி 1, காப்பி 2, காப்பி 3னு வரிசையா நின்னா உங்க கடையிலயும் இதே கதை தான் ஓடிட்டு இருக்கு. யூஎஸ்பி கேபிள்ல நேரா சிஸ்டத்துல மாட்டின பிரிண்டருக்கு இது பொருந்தாது, லேன் கேபிள்லயோ வைஃபைலயோ ஓடுற பிரிண்டருக்கு மட்டும் தான்.

இப்போ ஐபி நம்பர்னா என்னன்னு பாப்போம். மாங்கா சீசன்ல நம்ம பக்கம் கூழ் ஃபேக்டரி வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்கிறத பாத்திருப்பீங்க. கேட்ல இருக்கிறவர் வர்ற வண்டிக்கு எல்லாம் ஒரு டோக்கன் குடுப்பார், உள்ள எடை மேடைல இருந்து சரக்கு எறக்குற வரைக்கும் அந்த டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு 12ஆம் நம்பர் டோக்கன் வாங்கின சந்தூர் லாரிக்கு நாளைக்கு அதே 12 கெடைக்கும்னு இல்ல, முன்னாடி வந்தவங்களுக்கு போயிருக்கும். ஆனா லாரியோட நம்பர் பிளேட் மாறாது. கடை நெட்வொர்க்ல ஐபி நம்பர் தான் டோக்கன். மேக் அட்ரஸ்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, கம்பெனியிலயே போட்டு அனுப்புற 12 எழுத்து கொண்ட நம்பர், அது தான் நம்பர் பிளேட். கேட்ல உக்காந்து டோக்கன் குடுக்கிற ஆள் உங்க ரவுட்டர், அதாவது நெட்ட எல்லா சிஸ்டத்துக்கும் பிரிச்சு குடுக்கிற வைஃபை பெட்டி. ரவுட்டருக்குள்ள அந்த வேலைய பாக்குற பகுதிக்கு டிஹெச்சிபின்னு பேரு. இந்த ஏற்பாடு 1993ல வந்தது, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் போய் உக்காந்து கையால நம்பர் போட்டுட்டு இருந்தாங்க.

நம்பர் எப்படி இருக்கும்னா 192.168.1.25 மாதிரி, நாலு துண்டு, ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255க்குள்ள. மொத்தமா கணக்கு போட்டா சுமார் 430 கோடி நம்பர் தான் வரும், உலகத்துல இருக்கிற போன், டிவி, கேமரா எல்லாத்துக்கும் இது எங்க பத்தும்? அதனால 1996ல தெளிவா ஒரு விதி எழுதி வச்சாங்க, 10ல ஆரம்பிக்கிறது, 172.16ல இருந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168ல ஆரம்பிக்கிறது, இந்த மூணு கூட்டத்தையும் யார் வேணா அவங்கவங்க கட்டடத்துக்குள்ள வச்சுக்கலாம், வெளில இன்டர்நெட்ல அது செல்லாது. பர்கூர் ஜவுளிக்கடை ரவுட்டரும் 192.168.1.1, ஓசூர் கம்பெனி ரவுட்டரும் 192.168.1.1, ரெண்டுக்கும் சண்டையே வராததுக்கு காரணம் இது தான். வெளில போறப்போ ரவுட்டர் உங்க எல்லா சிஸ்டத்துக்கும் சேர்த்து தன்னோட வெளி நம்பர் ஒண்ண வச்சு பேசிக்குது.

ஒரு சிஸ்டத்த ஆன் பண்ணதும் நாலு பேச்சு நடக்குது. இங்க யாராவது நம்பர் குடுக்கிறவங்க இருக்கீங்களான்னு சிஸ்டம் நெட்வொர்க் முழுக்க கத்தும், நான் இருக்கேன், 192.168.1.25 வச்சுக்கிறியான்னு ரவுட்டர் கேக்கும், சரி அதையே குடுன்னு சிஸ்டம் சொல்லும், குடுத்தாச்சு, இவ்ளோ நேரம் வச்சுக்கோன்னு ரவுட்டர் பதில் சொல்லும். அந்த இவ்ளோ நேரம்ங்கிறத லீஸ்னு சொல்றாங்க. சில ரவுட்டர்ல 2 மணி நேரம் இருக்கும், சிலதுல 24 மணி நேரம், நீங்களே மாத்திக்கலாம். லீஸ் பாதி ஆனதும் சிஸ்டம் தானா போய் இன்னும் கொஞ்ச நேரம் நீட்டி குடுன்னு கேட்டு வாங்கிக்கும், அதனால ஆன்ல இருக்கிற வரைக்கும் நம்பர் மாறாது. பகல் பூரா பிரிண்டர் ஒழுங்கா வேலை செய்யறது இதனால தான்.

சிக்கல் ராத்திரில தான். கடைய மூடுறப்போ மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுறோம், பிரிண்டரும் ஆஃப், ரவுட்டரும் ஆஃப். சின்ன ரவுட்டர் பலதுலயும் யாருக்கு எந்த நம்பர் குடுத்தோம்ங்கிற கணக்கு கரண்ட் போனா அழிஞ்சிடும். காலைல கரண்ட் வந்ததும் ரவுட்டர் புது நோட்டுல முதல் பக்கத்துல இருந்து எழுத ஆரம்பிக்குது. கடைப் பசங்க நாலு பேர் போன் வைஃபைல மொதல்ல ஒட்டிக்குது, பிரிண்டர ஒன்பதரைக்கு தான் ஆன் பண்றாங்க, அதுக்குள்ள அதோட பழைய நம்பர் ஒரு பையனோட போனுக்கு போயிடுச்சு, பிரிண்டருக்கு வேற நம்பர். பில்லிங் சிஸ்டம் மட்டும் பாவம் இன்னும் பழைய நம்பர்லயே பிரிண்டர தேடிட்டு இருக்கு, அங்க இருக்கிறதோ போன், அது பிரிண்ட் எடுக்குமா. மாதாந்திர பராமரிப்புக்கு இ.பி.ல காலைல கரண்ட் நிறுத்துற அன்னைக்கு சாயந்திரம் எனக்கு போன் அதிகமா வர்றதுக்கும் இது தான் காரணம், கரண்ட் வந்ததும் எல்லாமே ஒரே நேரத்துல எழுந்து டோக்கனுக்கு முண்டியடிக்குது.

இப்போ முக்கியமான விஷயம். எல்லாத்துக்கும் நம்பர் மாறாம இருக்கணுமா? வேணாம். ஒரு பொருள மத்தவங்க தேடி வர்றாங்களா, இல்ல அது மத்தவங்கள தேடிப் போகுதா, அந்த ஒரு கேள்விய மட்டும் கேளுங்க. பிரிண்டர எல்லாரும் தேடி வர்றாங்க, அதுக்கு நம்பர் மாறக்கூடாது. டேலி டேட்டா இருக்கிற சர்வர் சிஸ்டத்த மத்த சிஸ்டம் எல்லாம் தேடி வருது, மாறக்கூடாது. கேமரா படத்த பதிவு பண்ற டிவிஆர் பெட்டி, அட்டெண்டன்ஸ் மெஷின், ஃபைல் வைக்கிற நாஸ் பெட்டி இருந்தா அதுவும் அப்படித்தான். போன், லேப்டாப், டிவி, மாடில பில்லு மட்டும் போடுற சிஸ்டம் இதெல்லாம் மத்தவங்கள தேடிப் போற ஜாதி, அதுங்களுக்கு எந்த நம்பர் வந்தா என்ன, ரவுட்டர் குடுக்கிறத வாங்கிக்கட்டும். பத்து சிஸ்டம் இருக்கிற ஆபீஸ்ல கூட மாறாத நம்பர் வேண்டியது பெரும்பாலும் நாலஞ்சுக்கு மேல வராது. எல்லா சிஸ்டத்துக்கும் கையால நம்பர் போட்டு வச்சிருக்கிற ஆபீஸையும் பாத்திருக்கேன், அது அவசியமே இல்லாத வேலை, புது லேப்டாப் ஒண்ணு வந்தா கூட யாரையாவது கூப்பிட வேண்டியதா போயிடும்.

மாறாம வைக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பிரிண்டருக்குள்ளயே போய் கையால நம்பர் போடுறது. இன்னொண்ணு ரவுட்டர்ல போய், இந்த நம்பர் பிளேட் வந்தா எப்பவும் இந்த டோக்கனையே குடுன்னு எழுதி வைக்கிறது, இதுக்கு அட்ரஸ் ரிசர்வேஷன்னு பேரு, சில ரவுட்டர்ல ஸ்டேட்டிக் லீஸ்னு இருக்கும். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன், சர்வீஸுக்கு போற எடத்துல எல்லாம் இதத்தான் பண்றேன். ஏன்னா எழுதி வச்சது எல்லாம் ஒரே எடத்துல இருக்கு, ரவுட்டர் பக்கத்த ஓபன் பண்ணா யாருக்கு எந்த நம்பர்னு லிஸ்ட்டா தெரியும், அடுத்து வர்ற சர்வீஸ்காரருக்கும் தெரியும். பிரிண்டருக்குள்ள போட்டு வச்சா அது போட்டவருக்கு மட்டும் தான் தெரியும்.

செய்யறது எப்படின்னா, மொதல்ல பிரிண்டர்ல இருந்து நெட்வொர்க் பேஜ்னு ஒரு தாள் அடிங்க. டிஸ்ப்ளே இருக்கிற பிரிண்டர்ல நெட்வொர்க் மெனுவுக்குள்ள இருக்கும், டிஸ்ப்ளே இல்லாததுல வைஃபை பட்டனையோ ஒரு பட்டனையோ கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா வரும், மாடலுக்கு மாடல் மாறும். அந்த தாள்ல இப்போதைய ஐபியும் மேக் அட்ரஸும் இருக்கும். இங்க ஒண்ண கவனிங்க, வைஃபையும் லேன் போர்ட்டும் ரெண்டும் இருக்கிற பிரிண்டர்ல ரெண்டுக்கும் தனித்தனி மேக் அட்ரஸ். வைஃபை மேக் வச்சு ரிசர்வ் பண்ணிட்டு ஆறு மாசம் கழிச்சு ஸ்பீடு பத்தலைன்னு கேபிள் போட்டீங்கன்னா ரவுட்டருக்கு அது வேற வண்டி, வேற டோக்கன் குடுத்திடும். நீங்க எதுல ஓட்டப் போறீங்களோ அந்த மேக் எடுங்க.

அடுத்து ரவுட்டர் பக்கம். எந்த நம்பர்ல அது ஓபன் ஆகும்னு தெரியலைன்னா ஒரு சிஸ்டத்துல சிஎம்டி, அதாவது கட்டளை டைப் பண்ற கருப்பு விண்டோவ ஓபன் பண்ணி ஐபிகான்ஃபிக்னு இடைவெளி இல்லாம டைப் பண்ணுங்க, டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு வரி வரும், அந்த நம்பர பிரவுசர்ல மேல அடிச்சா ரவுட்டர் லாகின் வந்துடும். அதுக்குள்ள டிஹெச்சிபி பகுதில போய் மேக் அட்ரஸ ஒரு கட்டத்துலயும், நீங்க குடுக்க நெனக்கிற ஐபிய இன்னொரு கட்டத்துலயும் போட்டு சேவ் பண்ணுங்க. பிரிண்டர ஒரு தடவ ஆஃப் ஆன் பண்ணி திரும்ப அந்த தாள அடிச்சு நம்பர் வந்துடுச்சான்னு பாருங்க. வந்துட்டா ஒவ்வொரு சிஸ்டத்துலயும் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல போர்ட்ஸ்னு ஒரு டேப் இருக்கும், அங்க ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் ஒண்ணு போட்டு புது நம்பர குடுங்க, காப்பி 1, காப்பி 2 எல்லாத்தையும் டெலிட் பண்ணிடுங்க. அதே டேப்ல டபிள்யூஎஸ்டின்னு ஒரு போர்ட் டிக் ஆகியிருந்தா அத விட்டுட்டு இதுக்கு மாறுங்க, அது தானா தேடி பிடிக்கிற முறை, நம்பர் மாறினாலும் கண்டுபிடிக்கணும், ஆனா நடைமுறைல சின்ன ஆபீஸ்ல பாதி நேரம் தொலைச்சிட்டு நிக்குது.

கையால நம்பர் போட்டே ஆகணும்னு சில எடம் இருக்கு, உங்க ரவுட்டர்ல ரிசர்வேஷன் வசதியே இல்லாம இருக்கலாம், இல்ல நெட் கம்பெனி ரவுட்டர் பாஸ்வேர்டே குடுக்காம இருக்கலாம். அப்போ ரவுட்டர் குடுக்கிற டோக்கன் எந்த நம்பர்ல இருந்து எது வரைக்கும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அத பூல்னு சொல்லுவாங்க. 100ல இருந்து 199 வரைக்கும் பூல்னா நீங்க கையால போடுறது 10ல இருந்து 50க்குள்ள இருக்கட்டும். பூலுக்குள்ள இருக்கிற நம்பர கையால போட்டா ரவுட்டருக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அதே நம்பர இன்னொருத்தருக்கும் குடுத்திடும். கையால போடுறப்போ கேட்வே (ரவுட்டரோட நம்பர்), டிஎன்எஸ் (சைட் பேர நம்பரா மாத்திக் குடுக்கிற சர்வரோட நம்பர்) ரெண்டையும் சேர்த்து சரியா போடணும், ஐபி மட்டும் போட்டு விட்டா அந்த சிஸ்டத்துல பிரிண்ட் போகும், இ-வே பில் சைட் ஓபன் ஆகாது.

இந்த மோதல் எங்க அதிகமா வருதுன்னா கேமராவும் அட்டெண்டன்ஸ் மெஷினும் வாங்குற எடத்துல. கம்பெனில இருந்து வர்றப்போவே அதுங்களுக்குள்ள ஒரு நம்பர் போட்டு தான் வரும். டாஹுவா பெட்டி 192.168.1.108, ஹைக்விஷன் ஐபி கேமரா 192.168.1.64, இசட்கே வகை அட்டெண்டன்ஸ் மெஷின் 192.168.1.201. மாட்டினவர் அத மாத்தாம அப்படியே விட்டுட்டு போயிடுவார், அன்னைக்கு வேலை செய்யும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. 108ங்கிறது 100ல இருந்து 199 வரைக்கும் இருக்கிற பூலுக்குள்ள நேரா விழுது பாருங்க. நெட் கம்பெனி குடுக்கிற ஃபைபர் பெட்டி பலதுல பூல் 2ல இருந்து 254 வரைக்கும் விரிச்சு வச்சிருப்பாங்க, அப்போ மூணுமே மாட்டிக்கும்.

பர்கூர் ரோட்டுல ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல இதுவே தான் ஆச்சு. ஆபீஸ் பொண்ணு போன் பண்ணுச்சு, "அண்ணா, மெஷின்ல விரல் வச்சா பேரு காட்டுது, தேங்க்யூன்னு சொல்லுது, ஆனா சிஸ்டத்துல டவுன்லோட் குடுத்தா கனெக்ட் ஆகல, சம்பளம் போடணும்"னு. மெஷின் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்னு யாரோ சொல்லிட்டு போயிருக்காங்க. போய் பாத்தா மெஷின் நம்பர் 201, வந்தப்போ இருந்த அதே நம்பர். மெஷின்ல இருந்து லேன் கேபிள கழட்டி கைல வச்சுக்கிட்டு, ஆபீஸ் சிஸ்டத்துல சிஎம்டில பிங் 192.168.1.201னு அடிக்கச் சொன்னேன், பிங்னா அந்த நம்பர்ல யாராவது இருக்கீங்களான்னு கூப்பிட்டு பாக்குறது. பதில் வருது. கேபிளே இல்லாத மெஷின் எப்படி பதில் சொல்லும்? அப்போ அந்த நம்பர்ல வேற யாரோ உக்காந்திருக்காங்க. ஏஆர்பி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் ஏன்னு அடிச்சா எந்த ஐபிக்கு எந்த மேக்னு லிஸ்ட் வரும், அதுல 201க்கு நேரா இருந்த மேக் மெஷினோடது இல்ல. ரவுட்டர் லிஸ்ட்ல அதே மேக்க தேடினா சூப்பர்வைசர் போன். ஞாயித்துக்கிழமை மெயின ஆஃப் பண்ணி, திங்கக்கிழமை ஆன் பண்ணப்போ மெஷின் எழுந்திருக்கிறதுக்குள்ள போன் அந்த நம்பர வாங்கிடுச்சு. ரவுட்டர் பூல 100ல இருந்து 199ன்னு சுருக்கிட்டேன், மெஷின தொடவே இல்ல, ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணதும் போனுக்கு வேற நம்பர், டேட்டா டவுன்லோட் ஆச்சு. புது மெஷினுக்கு போட்டு வச்சிருந்த கொட்டேஷன் டேபிள்ல அப்படியே கெடந்துச்சு.

இந்த கேபிள கழட்டி பிங் அடிக்கிற சோதனைய நீங்களே பண்ணலாம், யாரையும் கூப்பிட வேண்டியது இல்ல. பொருள ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் அதோட நம்பர்ல இருந்து பதில் வந்தா ரெண்டு பேர் ஒரே நம்பர்ல இருக்காங்கன்னு சந்தேகமே இல்லாம சொல்லிடலாம். மேக் அட்ரஸோட முதல் ஆறு எழுத்து தயாரிச்ச கம்பெனிய காட்டும், அத நெட்ல தேடினா அது கேமராவா பிரிண்டரான்னு ஓரளவு பிடிச்சிடலாம். போன்ல மட்டும் இது உதவாது, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14ல இருந்து போன் எல்லாம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்க காட்டுது, யாரும் நம்மள பின்தொடரக்கூடாதுன்னு.

169.254ல ஆரம்பிக்கிற நம்பர் ஒரு சிஸ்டத்துல தெரிஞ்சா அது வேற நோய். நம்பர் குடுங்கன்னு கேட்டு யாரும் பதில் சொல்லாததால விண்டோஸ் தானா ஒண்ண போட்டுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். கேபிள் லூஸ், லேன் கேபிள் எல்லாம் வந்து சேர்ற ஸ்விட்ச் பெட்டில கரண்ட் இல்ல, எலி கடிச்சிருக்கு, இல்ல ரவுட்டர் தொங்கிப்போச்சு, பெரும்பாலும் இந்த நாலுக்குள்ள தான் இருக்கும். டிரைவர், ஆன்டிவைரஸ்னு போறதுக்கு முன்னாடி கேபிள பாருங்க.

அடுத்தது ரெண்டு கேட்காரர் கதை. மாடில வைஃபை எட்டலைன்னு வீட்ல சும்மா கெடந்த பழைய ரவுட்டர கொண்டு வந்து ஸ்விட்ச்ல மாட்டி விடுவாங்க. அதுவும் ஒரு ரவுட்டர், அதுவும் டோக்கன் குடுக்கும். ஒரே ஃபேக்டரிக்கு ரெண்டு வாசல்லயும் ஆள் உக்காந்து அவங்கவங்க இஷ்டத்துக்கு டோக்கன் கிழிச்சா எப்படி இருக்கும், அது தான் நடக்குது. பாதி சிஸ்டத்துக்கு நெட் வரும், பாதிக்கு வராது, ரீஸ்டார்ட் பண்ணா வந்தது போகும் போனது வரும், எந்த ஒழுங்கும் இருக்காது. இது தான் சின்ன ஆபீஸ்ல ரொம்ப நேரம் சாப்பிடுற கம்ப்ளைன்ட், ஏன்னா எந்த ஒரு சிஸ்டத்த தனியா எடுத்து பாத்தாலும் அதுல தப்பு இருக்காது. சிஎம்டில ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்னு போட்டா டிஹெச்சிபி சர்வர்னு ஒரு வரி வரும், நெட் வர்ற சிஸ்டத்துலயும் வராத சிஸ்டத்துலயும் அந்த வரிய ஒப்பிட்டு பாருங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா ஆள் மாட்டிக்கிட்டார். ரெண்டாவது ரவுட்டர்ல டிஹெச்சிபிய ஆஃப் பண்ணி, அதோட சொந்த நம்பர முதல் ரவுட்டர் கூட மோதாத மாதிரி மாத்தி, கேபிள வெளி நெட்டுக்குன்னு இருக்கிற வான் போர்ட்ல இல்லாம, உள்ள சிஸ்டம் மாட்டுற லேன் போர்ட்ல மாட்டணும். இப்போ வர்ற ரவுட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத தேர்ந்தெடுத்தா இத்தனையும் தானா ஆயிடும்.

கடைக்கு வர்ற கஸ்டமருக்கு வைஃபை குடுக்கிறவங்க கெஸ்ட் நெட்வொர்க்க ஆன் பண்ணி அத மட்டும் குடுங்க. மெயின் வைஃபை பாஸ்வேர்ட குடுத்தா தீபாவளி கூட்டத்துல வர்றவங்க போன் எல்லாம் டோக்கன் வாங்கி பூல் காலியாயிடும், அதோட உங்க பிரிண்டரும் டேலி சிஸ்டமும் இருக்கிற நெட்வொர்க்குக்குள்ள முன்பின் தெரியாதவங்க உக்காந்திருக்காங்கங்கிறது தனி ஆபத்து.

இங்க ஒரு குழப்பத்த தீர்த்தே ஆகணும், ஏன்னா இதுல காசு போகுது. பிரிண்டர் நம்பர் மாறுதுன்னு யாராவது ஸ்டேட்டிக் ஐபி வாங்கிக்கங்கன்னு சொல்லுவாங்க, இவங்களும் நெட் கம்பெனிக்கு போன் பண்ணி மாசா மாசம் கூடுதல் காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கிடுவாங்க. பிரிண்டர் அப்படியே தான் இருக்கும். நெட் கம்பெனி விக்கிறது வெளி நம்பர், உங்க கடையோட ரவுட்டருக்கு இன்டர்நெட் பக்கம் இருக்கிற நம்பர். வெளியூர் கிளைல இருந்து நேரா உங்க சர்வருக்கு கனெக்ட் பண்ணணும், பேங்க்கோ வேற கம்பெனியோ உங்க ஐபிய அவங்க லிஸ்ட்ல சேக்கணும்னு கேக்குது, இந்த மாதிரி தேவைக்குத்தான் அது. கடைக்குள்ள இருக்கிற பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, உள்ள ஓடுற நம்பர மாறாம வைக்கிறதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது. போன்ல கேமரா பாக்கக் கூட இப்போ க்யூஆர் ஸ்கேன் பண்ணி சேக்குற முறை தான், அதுக்கும் ஸ்டேட்டிக் ஐபி வேணாம்.

செலவு பண்றதுன்னா ரெண்டு எடத்துல பண்ணுங்க. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ், பெரும்பாலான பெட்டி 12 வோல்ட்ல ஓடுது, அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து வாங்குங்க, கரண்ட் கட்டுல ரவுட்டர் ஆஃப் ஆகாம இருந்தாலே பாதி கலவரம் அடங்கிடும். ரெண்டாவது, நெட் கம்பெனி குடுத்த பெட்டிக்கு பின்னாடி உங்களுக்குன்னு சொந்தமா ஒரு ரவுட்டர். ஆபீஸ் சிஸ்டம், பிரிண்டர், டிவிஆர் எல்லாம் உங்க ரவுட்டர்ல தான் மாட்டணும், ரிசர்வேஷன் எல்லாம் உங்க ரவுட்டர்ல தான் எழுதணும்.

இது ஏன்னு நெட் கனெக்ஷன் மாத்துற அன்னைக்கு தெரியும். இத்தனை வருஷமா பிஎஸ்என்எல் இருந்துச்சு, உள்ள எல்லாம் 192.168.1 வரிசை. ஜியோ ஃபைபருக்கு மாறுறீங்க, அந்த பெட்டி 192.168.29.1, உள்ள எல்லாத்துக்கும் 29 வரிசை நம்பர் குடுக்கும். கையால 192.168.1.50 போட்டு வச்ச பிரிண்டர் 29 வரிசைல இருக்கிற சிஸ்டத்துக்கு கண்ணுக்கே தெரியாது. கனெக்ஷன் குடுக்க வந்த தம்பி ஸ்பீடு டெஸ்ட் காட்டிட்டு போயிடுவார், அவர் வேலை அவ்ளோ தான், அவர குத்தம் சொல்ல முடியாது. சொந்த ரவுட்டர் இருந்தா அதோட வான் போர்ட்ல இருக்கிற ஒரே ஒரு கேபிள பழைய பெட்டில இருந்து கழட்டி புது பெட்டில மாட்டினா முடிஞ்சது, உள்ள யாருக்கும் எதுவும் மாறின மாதிரியே தெரியாது. ஒண்ணே ஒண்ணு, உங்க ரவுட்டருக்கு 192.168.1 வரிசையும் வைக்காதீங்க, 29 வரிசையும் வைக்காதீங்க, 192.168.50 மாதிரி வேற ஒண்ணு வைங்க, நெட் கம்பெனி பெட்டியும் உங்க ரவுட்டரும் ஒரே வரிசைல இருந்தா எது உள்ள எது வெளிலன்னு ரவுட்டர் குழம்பிடும்.

சொந்த ரவுட்டர் இல்லாம பெட்டிய மாத்திட்டு இப்போ மாட்டிக்கிட்டு இருக்கிறவங்க, புது பெட்டியோட லாகின்ல போய் அதோட லேன் ஐபிய பழைய பெட்டில இருந்த நம்பருக்கே மாத்துங்க, பூலையும் பழைய மாதிரியே வைங்க, கையால போட்டு வச்சது எல்லாம் திரும்ப கண்ணுக்கு தெரியும். அதுக்கப்புறமும் பிரிண்டர் வருது, டேலி மட்டும் வரலைன்னா சர்வர் சிஸ்டத்துல போய் பாருங்க. ரவுட்டர் மாறினதும் விண்டோஸ் இது ஏதோ புது நெட்வொர்க்னு நெனச்சு பப்ளிக்னு குறிச்சு வச்சிருக்கும், பப்ளிக்னா ஃபோல்டர் ஷேரிங்க அடைச்சிடும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸ்க்குள்ள போய் பிரைவேட்னு மாத்தினா மாடி சிஸ்டத்துல டேலி ஓபன் ஆகும். ஆனதும் எந்த பொருளுக்கு எந்த நம்பர், எந்த மேக்னு ஒரு தாள்ல எழுதி அந்த பெட்டி மாட்டியிருக்கிற சுவத்துலயே ஒட்டிடுங்க, ரவுட்டர் பாஸ்வேர்ட மட்டும் அதுல எழுதாம ஓனர் டைரில வைங்க.